யவனர் மரக்கலமும் தச்சர் உளியும்

ரோமானியரின் கடல் வணிகம் என்று யார் பேச்செடுத்தாலும், நம்மிடையே பேச்சு நேராக மிளகுக்குப் போய்விடுகிறது. சேரநாட்டு முசிறித் துறைமுகம், மிளகு மூட்டை, பொற்காசு. அதில் தவறில்லை. ஆனால் அந்தச் சரக்கைச் சுமந்த மரக்கலத்தை எப்படிச் செய்தார்கள் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. மரவேலையே பிழைப்பான எனக்குச் சரக்கைவிடக் கப்பல் மீதுதான் கண் போகிறது.

பிரான்சின் தென்கரையில், ஜியான் தீபகற்பத்தை ஒட்டிய கடலில், ஏறத்தாழ 20 மீட்டர் ஆழத்தில் ஒரு ரோமானியச் சரக்குக் கப்பல் கிடந்தது. 1967இல் பிரெஞ்சுக் கடற்படை முக்குளிப்பவர்கள் கண்டார்கள். 1972 முதல் 1982 வரை அகழ்ந்தார்கள். இத்தாலியிலிருந்து திராட்சை மது ஏற்றிவந்து, கி.மு. முதல் நூற்றாண்டில் மூழ்கிய கப்பல் அது. சுமார் 40 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம், 400 டன் சுமை. மது நிரம்பிய ஜாடி ஒவ்வொன்றும் 50 கிலோ கனம். மேலடுக்கு ஜாடியின் கூரிய அடி, கீழடுக்கு ஜாடிகளின் கழுத்துகளுக்கு நடுவே இறங்கும்படி மூன்றடுக்காக அடுக்கியிருந்தார்கள். மூழ்கிய பிறகு அக்காலத்து முக்குளிப்பவர்களே வந்து பல ஜாடிகளை மீட்டிருக்கிறார்கள். விரைவாக அடிக்குச் செல்ல அவர்கள் பிடித்து இறங்கிய கற்கள் அங்கேயே கிடைத்தன.

எனக்கு முக்கியம் அந்த ஜாடிகளுக்கு அடியில் கிடந்த பலகைகள். இன்று மரப்படகு கட்டுபவர்கள் பெரும்பாலும் முதலில் ஏரா எனப்படும் அடிக்கட்டையை வைத்து, வங்குகளை, அதாவது விலா எலும்பு போன்ற குறுக்குச் சட்டங்களை நிறுத்தி, பிறகு அவற்றின் மேல் பலகை அடிப்பார்கள். மத்தியதரைக் கடலின் ரோமானியத் தச்சர் இதைத் தலைகீழாகச் செய்தார். பலகைகளை ஒன்றோடொன்று கோத்துக் கப்பலின் வெளிக்கூடு முழுவதையும் எழுப்பினார். வங்குகள் பெரும்பாலும் அதற்குப் பிறகே உள்ளே போயின. கப்பலின் வடிவத்தைத் தாங்க முதலில் சட்டம் எதுவும் இல்லை. வளைவு முழுவதும் தச்சரின் கண்ணிலும் கையிலும் இருந்தது.

பலகையைக் கோத்த விதத்தைச் சற்றே நெருங்கிப் பாருங்கள். பலகையின் பக்கவாட்டு விளிம்பில், சில அங்குலத்துக்கு ஒன்றாக உளியால் ஆழமான குழி தோண்டவேண்டும். மேலே வரும் பலகையின் விளிம்பிலும் அதே இடங்களில் அதே அளவுக் குழிகள். இரண்டுக்கும் பொதுவாக ஒரு தட்டையான கடின மரத்துண்டைச் செருகி, மேல் பலகையைத் தட்டி இறக்கவேண்டும். விளிம்போடு விளிம்பு அமர்ந்ததும், அந்த மரத்துண்டுக்குக் குறுக்கே மேலும் கீழும் துளையிட்டு மர ஆணி இறுக்கவேண்டும். ஒரு குழி நூலளவு தப்பினாலும் பலகை அமராது. நேரான மேசைப் பலகையில் இதைச் செய்வதற்கே பொறுமை வேண்டும். முறுக்கி வளைத்த பலகையில், ஆயிரக்கணக்கான இடங்களில், ஒவ்வொன்றும் சரியாக! மரம் தண்ணீரில் ஊறிப் பருத்ததும் இணைப்புகள் இன்னும் இறுகிவிடும். அந்த ஜியான் கப்பலுக்கு இப்படி ஒன்றல்ல, இரண்டு அடுக்குப் பலகைகள். வெளியே கீல் என்னும் தார் தோய்த்த துணி, அதன் மேல் கப்பல் புழு துளைக்காதிருக்க ஈயத் தகடு.

காலப்போக்கில் இந்தக் குழிகள் தள்ளித்தள்ளி அமைந்தன, மர ஆணி மறைந்தது, பிறகு அந்த முறையே வழக்கொழிந்தது. துருக்கிக் கரையில் 1025ஆம் ஆண்டு வாக்கில் மூழ்கிய ஒரு கப்பலில் சட்டம்தான் முதலில், பலகை பிறகு. மரமும் கூலியும் மிச்சம் என்று காரணம் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனாலும் அந்தக் கைத்திறன் போனது எனக்குப் பெரிய இழப்பாகவே படுகிறது.

ரோமானியப் பேரரசு முழுவதும் ஒரே முறை இருந்ததாகவும் எண்ணவேண்டாம். 1962இல் லண்டன் தேம்ஸ் ஆற்றில், பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்தருகே கிடைத்த கட்டடக்கல் ஏற்றிய கப்பலில், ஓக் பலகைகள் பெரிய இரும்பு ஆணிகளால் வங்குகளோடு அறையப்பட்டிருந்தன. அதில் பாய்மரம் ஊன்றும் குழிக்குள் ரோமானியப் பேரரசர் தொமிஷியன் காலத்து வெண்கலக் காசு ஒன்று இருந்தது. சுக்கான் பிடித்து நிற்கும் அதிர்ஷ்டத் தெய்வம் ஃபோர்த்தூனா உள்ள பக்கம் மேலே பார்த்திருந்தது. வாசல் நிலை நிறுத்தும்போது அடியில் காசு வைக்கும் நமக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை.

எகிப்தின் செங்கடல் கரையிலுள்ள பெரெனிகே துறைமுகத்தில், இந்தியப் பானை ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்த செய்தியைப் பலரும் அறிவார்கள். அதே ஊரின் கட்டடங்களில் தேக்குமரம் மறுபயன்பாட்டில் இருந்ததும், அது பழைய கப்பல்களைப் பிரித்து எடுத்த மரமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுவதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தேக்கு எகிப்தில் வளர்வதில்லை. நம் பக்கத்து மரம்.

ஜூலையில் எகிப்திலிருந்து கிளம்பிய கப்பல்கள், பருவக்காற்று திரும்பும்வரை இந்தியாவின் மேற்குக் கரையில் காத்திருந்து, டிசம்பர் அல்லது ஜனவரியில்தான் திரும்பின. அந்த மாதங்களில் பழுது பார்க்காமலா இருந்திருப்பார்கள்? கயிற்றால் பலகை தைக்கும் மரபு வேரூன்றிய கரை அது. முசிறியில் பலகை மாற்றிக் கொடுத்தவர் கூடவே வந்த யவனத் தச்சரா, அந்தக் குழி இணைப்பைப் பார்த்துக் கற்றுக்கொண்ட உள்ளூர்த் தச்சரா? மிளகு எத்தனை மூட்டை போனது என்பதைவிட எனக்கு இதைத்தான் தெரிந்துகொள்ளவேண்டும்.