விசில் வரப்போகிறது

சென்ற ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் சமையலறையிலிருந்து விசில் சத்தம் வரவில்லை.

நாகப்பட்டினத்தில் காலை 9 மணி, பினாங்கில் 11.30. வாரந்தோறும் நாங்கள் பேசும் நேரம் அது. அங்கே அரிசி அடுப்பில் ஏறியிருக்கும். பேச்சின் நடுவே அம்மா, "விசில் வரப்போகிறது, போனைத் தள்ளிப் பிடி" என்பாள். நான் கையை நீட்டிப் பிடித்துக்கொள்வேன். வங்கக் கடலுக்கு அப்பால் ஒரு குக்கர் கத்தி ஓயும். பிறகு விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும். ஆறு வருடங்களாக இப்படித்தான். சென்ற வாரம் பேசி முடிக்கும் வரையில் அம்மா அதைச் சொல்லவேயில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"தம்பி மின்சாரக் குக்கர் வாங்கிக் கொடுத்திருக்கிறான். இதற்கு விசில் கிடையாது. வெந்ததும் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இனி உனக்குத் தொல்லை இல்லை."

எனக்காகத்தான் அத்தனை மகிழ்ச்சி அந்தக் குரலில். போனை வைத்துவிட்டு அழுதேன். நினைவு தெரிந்த நாளிலிருந்து என்னை நடுங்க வைத்த சத்தம் அது. அது ஒழிந்ததற்கு ஏன் அழுகிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. இரண்டு நாள் யோசித்த பிறகுதான் புரிந்தது. நான் அழுதது விசிலுக்காக அல்ல. அதற்கு முன்னால் வரும் அந்த ஒரு வரிக்காக.

எனக்கு ஆட்டிசம். சத்தம் எனக்குக் காதோடு நிற்பதில்லை. பல்லில் கூசும், தோளை இறுக்கும், வயிற்றைப் பிசையும். சிறு வயதில் எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தச் சொல் தெரியாது. ஆனால் அம்மா தானாகவே ஓர் ஏற்பாடு வைத்திருந்தாள். எந்தச் சத்தம் வருவதானாலும் முன்கூட்டியே சொல்லிவிடுவாள். "மிக்ஸி போடுகிறேன்." "தேங்காய் உடைக்கிறேன்." "அண்டாவைக் கீழே வைக்கிறேன்." நான் காதைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினால்தான் விசையைத் தட்டுவாள். கல்யாண வீட்டில் என்னை மணமேடைக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, தாலியைப் பார்க்காமல் சாஸ்திரிகளின் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் விரலை உயர்த்தி "கெட்டிமேளம்" என்று சொல்ல வாய் திறப்பதற்குள் அம்மாவின் இரண்டு உள்ளங்கைகளும் என் காதின்மேல் இருக்கும். எத்தனையோ திருமணங்களில் அட்சதை போடாமலே வந்திருக்கிறாள். இரண்டு கையும் என்னிடம் இருந்தால் எப்படிப் போடுவாள்?

துணி விஷயத்திலும் அப்படித்தான். தீபாவளிக்குக் கோடித் துணியை மஞ்சள் வைத்து அப்படியே உடுத்த வேண்டும் என்பது முறை. கஞ்சி மொடமொடப்பு என் தோலில் மணல்தாள்போல உரசும். ஒரு வாரம் முன்பே யாருக்கும் தெரியாமல் மூன்று முறை அலசி, கழுத்துப் பட்டியில் தைத்திருக்கும் துண்டைப் பிளேடால் பிரித்து எடுத்து, மடித்து, புதிதுபோல வைத்துவிடுவாள். அத்தை கண்டுபிடித்து "கோடியை நனைக்கலாமா?" என்று பெரிய சண்டை போட்டாள். அம்மா பதில் சொல்லவில்லை. அடுத்த வருடமும் நனைத்தாள்.

இந்தக் காவலை எல்லாம் விட்டுவிட்டு வேலை தேடி வந்தது பினாங்குக்கு. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். நுணுக்கமாகப் பார்ப்பது எனக்கு இயல்பு, வேலையில் குறை இல்லை. ஜெலுத்தோங்கில் ஒன்பதாவது மாடியில் வீடு. வந்த புதிதில் ஊரிலிருந்து பேசியவர்கள் எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள். அங்கே ஹார்ன் அடிக்கவே மாட்டார்களாமே, அமைதியாக இருக்குமாமே, உனக்கு ஏற்ற ஊர்தானே?

உண்மைதான், இங்கே யாரும் வீணாக ஹார்ன் அடிப்பதில்லை. ஆனால் அந்த அமைதிதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது. நாகப்பட்டினத்தில் பஸ் வருவதைத் தெருக்கோடியிலிருந்தே ஹார்ன் சொல்லிவிடும், நான் தயாராகிவிடுவேன். இங்கே நிசப்தத்தின் நடுவிலிருந்து சத்தம் திடீரென்று தலையில் விழுகிறது. மோட்டார் சைக்கிள் ஒன்று புகைக்குழாயைக் கழற்றிவிட்டதுபோல அலறிப் போகும். தீயணைப்பு மணியைச் சோதித்துப் பார்ப்பார்கள். பேரங்காடியில் தட்டு அடுக்கு சரியும். இரைச்சலை நீக்கும் ஹெட்ஃபோன் ஒன்றை முதல் மாதச் சம்பளத்திலேயே வாங்கினேன். ஏ.சி.யின் உறுமலையும் பஸ் எஞ்சினின் முனகலையும் அது நன்றாக விழுங்குகிறது. ஒரே சீராக வரும் சத்தத்தைச் சமாளிக்கத்தான் அந்தக் கருவிக்குத் தெரியும். திடீர்ச் சத்தத்தைத் தடுக்க அதனால் ஆவதில்லை. எனக்கு எது வேண்டுமோ அதை மட்டும் அது செய்யாது.

அலுவலகத்தின் மற்றத் துன்பங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்கழிக் குளிர் தோற்கும் ஏ.சி. மதிய வேளையில் பெலாச்சான் என்கிற இறால் விழுது வறுபடும் வாசனை. தேநீர் அறையில் சோக்கு வைத்த பழைய குழல்விளக்கு, அது நொடிக்கு 100 முறை சிமிட்டும். மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிமிட்டல் என் நெற்றிக்குள் தெரியும். விளக்கை மாற்றக் கேட்டுப் பார்த்தேன், "எரிகிறதே" என்றார்கள். இப்போது தேநீரை வராந்தாவில் குடிக்கிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன், என் 33-ஆவது வயதில், இங்கே ஓர் உளவியலாளர் மூன்று அமர்வுகள் பேசிவிட்டு ஆட்டிசம் என்று உறுதிப்படுத்தினார். புலன்கள் மிகையாக உணர்வதும் குறைவாக உணர்வதும், நோயறிதலுக்கான அமெரிக்கக் கையேட்டில் அடையாளங்களுள் ஒன்றாக இடம்பெற்றது 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் என்று அவர் சொன்னார். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 1943-இல் லியோ கன்னர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே அவர்கள் எதற்கெல்லாம் அஞ்சினார்கள் என்ற குறிப்பு இருக்கிறது. தூசு உறிஞ்சும் கருவி, மின்தூக்கி, முட்டை அடிக்கும் கருவி, காற்று. அந்த வரிசையைப் படித்தபோது எண்பது வருடங்களுக்கு முன் வாழ்ந்த, முகம் தெரியாத அந்தக் குழந்தைகள் எனக்கு உறவுக்காரர்களாகிவிட்டார்கள். பிரஷர் குக்கர் மட்டும்தான் அதில் இல்லை. என் அம்மா அதையும் 1993 வாக்கில் எங்கள் சமையலறையில் கண்டுபிடித்துவிட்டாள்.

தமிழில் இதை மதியிறுக்கம் என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல் எனக்கு ஒட்டவில்லை. எனக்குள் எதுவும் இறுகிக் கிடக்கவில்லை. கதவு, ஜன்னல் எல்லாம் திறந்தே கிடக்கின்றன, மூடத்தான் முடியவில்லை. ஆட்டிசம் என்றே சொல்லிக்கொள்கிறேன்.

சொன்னால் எல்லோரும் ஏற்றுக்கொள்வார்களா என்ன? பக்கத்து வீட்டு அக்காவிடம்தான் முதலில் சொன்னேன். கெடாவில் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தினமும் காலையில் "தங்கச்சி, பசியாறிவிட்டாயா?" என்று கேட்பவர். முதல் நாள் அந்தக் கேள்வியைக் கேட்டு நெகிழ்ந்துபோனேன். எங்கள் பக்கத்தில் சாப்பாடு ஆயிற்றா என்றுதான் கேட்போம், பசி ஆறியதா என்று கேட்பது எத்தனை அழகு! அந்த அக்கா நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். "உனக்கா? அது சின்னப் பிள்ளைகளுக்கு வருவது. நீ வேலைக்குப் போகிறாய், சமைக்கிறாய், நன்றாகத்தானே பேசுகிறாய்?" வலித்தது. சின்னப் பிள்ளைகள் வளர மாட்டார்களா? வளர்ந்தபின் அவர்கள் எங்கே போவார்கள்? இதையெல்லாம் கேட்கத் தெரியாமல் வீட்டுக்குள் போய்விட்டேன். அக்காவின் குக்கர் சுவருக்கு அந்தப் பக்கம் திடீரென்று கத்தியது. அன்று கையிலிருந்த குவளை விழுந்து உடைந்தது.

எதிர்பாராமல் வருவது என்றால் என்னவென்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26. அதே அலை அன்று பினாங்குக் கரைக்கும் வந்தது. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. கடலோரத்தில் நடக்கும்போது இரண்டு ஊருக்கும் பொதுவாக ஒன்று உண்டு என்று தோன்றும், அவ்வளவுதான்.

முன்கூட்டிச் சொல்ல ஆள் இல்லாததால் நானே இந்த ஊரின் கால அட்டவணையைக் கற்றேன். பள்ளிவாசல் பாங்கு ஐந்து வேளை, நேரம் நாள் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக நகரும், அது அச்சிட்டே கிடைக்கிறது. பிற்பகலில் மலைப்பக்கம் கறுத்தால் இடி உண்டு. மாலை 5 மணிக்கு ரொட்டிக்கார அண்ணன் மோட்டார் சைக்கிளில் ஹார்னை அமுக்கிக்கொண்டு வருவார். சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் நள்ளிரவில், ஒன்பதாம் நாள் பிறக்கும்போது, ஹொக்கியன் மக்கள் வானுலக வேந்தனுக்குப் படையல் வைத்து வெடி வெடிப்பார்கள். அன்று காதடைப்பானோடு படுப்பேன். மின்தூக்கியில் ஒட்டும் அறிவிப்புகள் எனக்கு வரப்பிரசாதம். எந்த மாடியில், எந்தத் தேதியில், எத்தனை மணிக்குச் சுவரைத் துளைப்பார்கள் என்று எழுதியிருக்கும். அந்த நேரத்தில் தாவரவியல் பூங்காவுக்குப் போய்விடுவேன். அங்கே குரங்குகள் கத்தும்தான், ஆனால் வாயைத் திறந்து பல்லைக் காட்டிவிட்டுத்தான் கத்தும்.

ஆக, ஊர் பழகிவிட்டது என்று என்னால் தைரியமாகச் சொல்ல முடியும். ஆனால் கருவாட்டு வாசனை என்றால் நாகப்பட்டினத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிய நான், இங்கே பாசாரில் கருவாட்டுக் கடைக்கு முன்னால் வாங்காமலே பத்து நிமிடம் நிற்கிறேன். அக்கரைப்பேட்டைப் பாலத்தில் அம்மா முந்தானையால் என் மூக்கை மூடிக்கொண்டு நடப்பாள். அந்த முந்தானையில் வெங்காயமும் விபூதியும் மணக்கும். கருவாட்டுக் கடையில் நான் தேடுவது அந்த வாசனையைத்தான் போலிருக்கிறது.

சென்ற தைப்பூசத்துக்கு அக்கா என்னை வற்புறுத்தி அழைத்துப் போனார். பினாங்குத் தைப்பூசத்தில் தங்க ரதமும் வெள்ளி ரதமும் லிட்டில் இந்தியாவிலிருந்து புறப்பட்டுத் தண்ணீர்மலைக்குப் போகும். வழிநெடுகத் தேங்காய் மலை மலையாகக் குவிந்திருக்கும். தமிழரும் சீனரும் அருகருகே நின்று, வேண்டிக்கொண்ட அத்தனை தேங்காயையும் நடுத்தெருவில் வீசி உடைப்பார்கள். ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடுவேன் என்றுதான் போனேன். ஒரு மணி நேரம் நின்றேன்! ஏனென்றால் ஒவ்வொரு தேங்காய்க்கு முன்னாலும் ஒரு கை தலைக்குமேல் உயர்கிறது. உயர்ந்து, ஒரு கணம் நின்று, இறங்குகிறது. சாஸ்திரிகளின் விரலைப்போல. எப்போது வரும் என்று கண்ணுக்குத் தெரிந்த சத்தத்தை என் உடம்பு தாங்கிக்கொண்டது. கால் நனைய இளநீர் ஓடியது, தெரு முழுவதும் இனிப்பு வாசனை. எதிர்வரிசையில் ஒரு சீனப் பாட்டி கண்ணை மூடி வேண்டிக்கொண்டு வீசினார், தேங்காய் உடையாமல் உருண்டு என் காலடிக்கு வந்தது. எடுத்துக் கொடுத்தேன். இரண்டாம் முறை உடைந்ததும் என்னைப் பார்த்துக் கைதட்டினார். பிறகு எங்கிருந்தோ உறுமி மேளம் நெருங்கி வந்தது. அதற்கு முன்னறிவிப்பு இல்லை. தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளையும் அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

வரும் வழியில் பஸ்ஸில்தான் அக்காவுக்குக் குக்கரைப் பற்றிச் சொல்ல வாய் வந்தது. சத்தத்தின்மேல் கோபமில்லை, சொல்லாமல் வருவதுதான் தாங்கவில்லை என்றேன். அக்கா வெகுநேரம் பேசவில்லை. பிறகு தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு, ஆள் கூப்பிடத் தண்டவாளத் துண்டைத் தட்டுவார்களாம். அவர் அப்பா அதற்கு அரை மணி முன்பே எழுந்து, இருட்டில் திண்ணையில் காதில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். "தூக்கத்தில் வந்து விழக்கூடாது என்பார். எல்லோரும் கிறுக்கு என்று சிரிப்பார்கள், நானும் சிரித்திருக்கிறேன்." அவருடைய அப்பா, அதாவது அக்காவின் தாத்தா, ரஜூலா கப்பலில் வந்தவர். ஏறியது நாகப்பட்டினத்தில்.

மறுநாளிலிருந்து அக்கா குரல் கொடுக்கத் தொடங்கினார். இரண்டு சமையலறை ஜன்னல்களும் ஒரே வெளிச்சக் கிணற்றைப் பார்த்தவை. "தங்கச்சி, விசில்!" என்று அவர் போடும் சத்தம் குக்கரைவிடப் பெரிது. ஏழாவது மாடி மலாய்க்காரப் பாட்டி யார் அந்த விசில் என்று விசாரித்திருக்கிறார்.

இதையெல்லாம் நேற்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அக்காவின் நம்பரை வாங்கிக்கொண்டு உடனே அழைத்துவிட்டாள். நன்றி சொல்லத்தான் அழைக்கிறாள் என்று நினைத்தேன். சுவர் வழியாக அக்காவின் பதில்கள் மட்டும் கேட்டன. எத்தனை விசில் வைப்பீர்கள் என்பதுதான் அம்மாவின் முதல் கேள்வி போலிருக்கிறது. அரிசிக்கு நான்கு என்றார் அக்கா. கால் மணி நேரம் பேச்சு நடந்தது. கடைசியில் அரிசிக்கு மூன்று என்று அக்கா இறங்கி வந்தார். பருப்புக்கு மட்டும் ஐந்துக்குக் குறைய முடியாது என்று சொல்லிவிட்டார்.