கிறிஸ்தவன் போருக்குப் போகலாமா? வடசென்னையில் இந்த வேதபாடத்தை நடத்தப் போகிறவர்களுக்கு

ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர்ப் பக்கம் இந்தப் பாடத்துக்கு ஒரே சபைப் பிள்ளைகள் மட்டும் வருவதில்லை. கத்தோலிக்கரின் அன்பியத்திலிருந்து (பங்கின் சிறு ஜெபக்குழு) நாலு பேர், சிஎஸ்ஐ வாலிபர் சங்கத்திலிருந்து சிலர், லுத்தரன்கள், பெந்தெகொஸ்தே சபையார் என்று கலந்துதான் உட்காருவார்கள். அதனால் முதல் தகராறு கட்டளை எண்ணிலேயே வந்துவிடும். 'கொலை செய்யாதிருப்பாயாக' கத்தோலிக்கருக்கும் லுத்தரன்களுக்கும் ஐந்தாம் கட்டளை, மற்றவர்களுக்கு ஆறாம் கட்டளை. எண்ணைச் சொல்லாமல் வசனத்தைச் சொல்லுங்கள்: யாத்திராகமம் 20:13, அதாவது திருவிவிலியத்தில் விடுதலைப் பயணம் 20:13. பழைய மொழிபெயர்ப்பு, திருவிவிலியம் இரண்டும் மேசையில் இருக்கட்டும்.

மலைப்பிரசங்கத்தில் தொடங்காதீர்கள். மறு கன்னத்தைக் காட்டு என்று வாசித்ததும் எல்லோரும் தலையாட்டுவார்கள். "அது இயேசுவால முடியும், நம்மால முடியுமா" என்று யாராவது சொல்ல, பாடம் அங்கேயே படுத்துவிடும். ரோமர் 12:17-இல் தொடங்கி 13:7 வரை நிறுத்தாமல் வாசிக்க வையுங்கள். 12, 13 என்ற அதிகாரப் பிரிப்பு பவுல் போட்டதல்ல, பிற்காலத்தில் வந்தது. 12:19-இல் பழிவாங்குதல் தேவனுக்குரியது. நாலைந்து வசனம் தாண்டினால் அதிகாரி பட்டயத்தை வீணாகப் பிடித்திருக்கவில்லை. குழு இரண்டாகப் பிரிவது இங்கேதான், பிரியட்டும்.

சமாதானவாதிகள் சொல்வது: பழிவாங்காதே என்பது விசுவாசிக்கு; அரசு பட்டயம் பிடிப்பதைத் தேவன் அனுமதித்திருக்கலாம், ஆனால் அது விசுவாசியின் வேலை அல்ல. 1527-இல் அனபாப்டிஸ்டுகளின் (விசுவாசித்த பெரியவர்களுக்கே ஞானஸ்நானம் என்ற சீர்திருத்தக் காலக் குழுவினர்) ஷ்லைட்ஹைம் அறிக்கை எடுத்த நிலை இதுதான். மூன்றே வருடம் கழித்து வந்த லுத்தரன்களின் ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 16-ஆம் பிரிவு, கிறிஸ்தவர் நியாயமான போரில் ஈடுபடலாம், படைவீரராகப் பணிபுரியலாம் என்கிறது. லுத்தரன் பிள்ளைகளில் பலர் தங்கள் சபை அறிக்கையில் இப்படி ஒன்று இருப்பதை அன்றைக்குத்தான் கேள்விப்படுவார்கள்.

அடுத்து வசனங்கள் பறக்கும். லூக்கா 22:36, 'பட்டயம் வாங்கு'. 38-ஆம் வசனத்தில் இரண்டு பட்டயம் 'போதும்' என்கிறார் இயேசு. 51-இல் வெட்டுப்பட்ட காதைக் குணமாக்குகிறார். ஒரு படையை எதிர்க்க இரண்டு பட்டயம் எந்தக் கணக்கிலும் போதாது. ஆலயத்தில் வியாபாரிகளைத் துரத்த இயேசு எடுத்த சவுக்கு யோவான் 2:15-இல் மட்டும்தான் வருகிறது, அங்கே யாரும் சாகவில்லை; இதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். லூக்கா 3:14-ஐ மட்டும் லேசாகத் தாண்டிப் போகாதீர்கள். யோவான் ஸ்நானகன் போர்ச்சேவகரிடம் யாரையும் இடுக்கண் செய்யாதே, சம்பளம் போதுமென்றிரு என்றான். வேலையை விடு என்று சொல்லவில்லை. போருக்குப் போகலாம் என்கிறவர்களின் பலமான வசனம் இது. நடத்துகிறவர் சமாதானவாதியாக இருந்தால் இதை அவரே எடுத்து வைக்க வேண்டும்.

வரலாற்றில் பலரும் சறுக்குகிற இடம், 'ஆதிச்சபை முழுக்க ஆயுதம் தொடவில்லை, ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் வந்து கெடுத்தான்' என்கிற பேச்சு. ஆதிச்சபை எழுத்தாளர்களான தெர்த்துல்லியனும் ஓரிகனும் கிறிஸ்தவர் படைச்சேவை செய்வதை எதிர்த்து எழுதியது உண்மை. 295-இல் வட ஆப்பிரிக்காவில் மாக்சிமிலியன் என்ற 21 வயது வாலிபன் ராணுவத்தில் சேர மறுத்துத் தலையைக் கொடுத்தான். ஆனால் ரோமப் படையில் கிறிஸ்தவர்கள் இருந்ததை அதே தெர்த்துல்லியன்தான் எழுதியும் வைத்திருக்கிறார்.

பிறகு நியாயப் போரின் நிபந்தனைகள். இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் மூன்று வைத்தார்: போர் தொடுக்க அதிகாரம் உள்ளவர், நியாயமான காரணம், நேர்மையான நோக்கம். கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2309-ஆம் பத்தி நான்கு சொல்கிறது: எதிரி செய்யும் தீங்கு நிலையானதாக, கடுமையானதாக, உறுதியானதாக இருக்க வேண்டும், வேறு வழிகள் பயனற்றுப் போயிருக்க வேண்டும், வெற்றிக்கு உண்மையான வாய்ப்பு வேண்டும், ஒழிக்கப் போகும் தீமையைவிடப் பெரிய தீமை விளையக் கூடாது. வாயால் சொன்னால் ஒட்டாது, ஒரு சம்பவத்தில் பொருத்திப் பார்க்கணும். நம்ம ஊருக்கு எம்டனே போதும். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் துறைமுகத்தருகே பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. இரண்டு தாள் எடுத்து, ஒன்றில் போருக்குப் போன காரணத்தையும் மற்றதில் போரில் நடந்துகொண்ட விதத்தையும் எழுதச் சொல்லுங்கள். நடுநிலை நாடான பெல்ஜியத்துக்குள் புகுந்த ஜெர்மனி முதல் தாளில் தேறாது. இரண்டாம் தாளில் எம்டனின் கேப்டன் முல்லர் பெரும்பாலும் தேறுவார்: எண்ணெய் போருக்குப் பயன்படும் பொருள், பிடித்த கப்பல்களின் மாலுமிகளை உயிரோடு விட்டவர். ஆனால் அன்றிரவு துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பலிலும் குண்டு விழுந்து ஆள் செத்தது. அதை எந்தப் பக்கம் எழுதுவது என்று சண்டை வரும். வரணும்.

'வெற்றி வாய்ப்பு' என்ற நிபந்தனையில் ஈழம் வந்தே தீரும். புழல் இலங்கை அகதிகள் முகாமில் சொந்தக்காரர் உள்ளவர்கள் அறையிலேயே இருக்கலாம். பலவீனர்களின் போராட்டம் எல்லாம் இதனால் அநியாயம் ஆகிவிடுமா என்பது நியாயமான கேள்வி, மழுப்பாதீர்கள். அனுபவித்தவர்கள் பேச விரும்பினால் முதலில் பேசட்டும், கட்டாயப்படுத்த வேண்டாம். அளவுகோல் இரு தரப்புக்கும் ஒன்றே: போர் தவிர்ப்பு வலயங்களிலும் மருத்துவமனைகளிலும் அரசுப் படையின் குண்டுகள், புலிகள் பிள்ளைகளைப் படையில் சேர்த்ததும் மக்களை வெளியேற விடாததும். ஐநா பொதுச்செயலர் அமைத்த நிபுணர் குழு 2011 அறிக்கையில் இரண்டையும் பதிவு செய்தது.

இதற்குள் கேள்வி மாறியிருக்கும். என் கன்னத்தில் அறைந்தால் என்ன செய்வது என்பது சுலபமான கேள்வி. நான்காம் நூற்றாண்டு மிலான் ஆயர் அம்புரோசு கூடத் தன் உயிரைக் காக்கக் கொள்ளைக்காரனைக் கொல்லக் கூடாது என்றவர்தான். ஆனால் அடுத்தவனுக்கு நேரும் தீங்கைத் தடுக்காதவனும் குற்றவாளி என்றார். நியாயப் போர்க் கருத்து முளைத்தது பக்கத்து வீட்டுக்காரன் கன்னத்திலிருந்து. சமாதானவாதி பதில் சொல்ல வேண்டிய இடமும் அதுதான். பிரான்சின் லெ ஷாம்போனில் போதகர் ஆந்த்ரே ட்ரோக்மேயின் சபையார் நாஜிகளிடமிருந்து யூதர்களை ஒளித்துக் காத்தார்கள். அவருடைய உறவினர் டேனியல் மைதானெக் முகாமில் செத்தார். துப்பாக்கி தொடாத அமெரிக்க ராணுவ மருத்துவ உதவியாளர் டெஸ்மண்ட் டாஸ் இரண்டாம் உலகப் போரில் ஒகினாவாவில் சுமார் 75 பேரை இழுத்து வந்து காப்பாற்றினார், ஆனால் ராணுவச் சீருடையில். இரண்டையும் விலையோடு சேர்த்தே சொல்லுங்கள்.

கடைசி வகுப்பில் ஆள்சேர்ப்பு முகாமுக்கு ஓடிப் பழகும் ஒரு பையன் தனியாக வந்து கேட்பான், "அண்ணா, நான் போகலாமா?" நம் நாட்டில் கட்டாயச் சேவை இல்லை, முடிவு அவனுடையது. மறைக்கல்வி 2310 படைவீரரை மதிக்கிறது. 2311 மனச்சாட்சியால் ஆயுதம் எடுக்க மறுப்பவருக்கு அரசு நியாயமான ஏற்பாடு செய்ய வேண்டும், அவரும் வேறு வழியில் சமூகத்துக்குச் சேவை செய்ய வேண்டும் என்கிறது. ராணுவத்தின் மருத்துவப் பிரிவான மெடிக்கல் கோரில் சேர்ந்தால் தப்பலாம் என்று சொல்லிவிடாதீர்கள், அங்கேயும் அடிப்படைப் பயிற்சியில் துப்பாக்கி உண்டு. 1950 ராணுவச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் உறுதிமொழி எப்படி இருக்க வேண்டும் என்று இருக்கிறது: தரை, கடல், வான் வழியே அனுப்பும் இடத்துக்குப் போவேன், உயிருக்கே ஆபத்தானாலும் மேலதிகாரியின் எல்லாக் கட்டளைக்கும் கீழ்ப்படிவேன். அதை அவனோடு உட்கார்ந்து வாசியுங்கள். 'எல்லாக் கட்டளைக்கும்' என்ற இடத்தில் நிறுத்தி, எந்தக் கட்டளையை மறுப்பாய் என்று கேளுங்கள். அவன் பதிலை அவன் கையாலேயே எழுதி, தேதி போட்டு வைத்துக்கொள்ளட்டும்.