செவ்வரத்தைக்கு நிழல் போடுவது

கலர் பென்சிலால் கீறிய செவ்வரத்தை தாளோடு ஒட்டின மாதிரித் தட்டையாகத் தெரிந்தால், வடிவத்தில் பிழை தேட வேண்டாம். அனேகமாக நிழல்தான் போதாமல் இருக்கும். சிவப்பின் மேல் அதே சிவப்பை எவ்வளவு அழுத்தினாலும் ஓரளவுக்கு மேல் இருட்டு ஏறாது. பூவையும் படத்தையும் போனில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கி அருகருகே வைத்துப் பாருங்கள். பூவின் நடுக்குழி கிட்டத்தட்டக் கறுப்பாக இருக்கும், உங்கள் படத்தில் அது வெறும் சாம்பலாக நிற்கும்.

பூவை வைக்கும் இடமும் முக்கியம். உச்சி வெயில் உதவாது. அதிலும் சித்திரை வருசப்பிறப்பை ஒட்டிய நாட்களில் யாழ்ப்பாணத்தில் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும், இதழ்களில் பக்க நிழலே விழாது. காலை எட்டு மணிபோல ஒரு யன்னலை மட்டும் திறந்து, வெளிச்சம் ஒரு பக்கத்தால் வரவிடுங்கள். செவ்வரத்தை ஒரு நாளிலேயே வாடிவிடும், ஆகவே முதலில் படம் எடுத்து வையுங்கள்.

போட்டோக்கொப்பித் தாள் இரண்டு மூன்று பூச்சோடு வழுக்கத் தொடங்கிவிடும். 150 முதல் 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீற்றர் தாளின் கிராம் நிறை) வரையான, சற்றுச் சொரசொரப்பான தாள் வேண்டும்.

இதழின் நரம்புகளை மை முடிந்த பேனையால் அழுத்திக் கீறிக்கொள்ளலாம். பிறகு பூசும் நிறம் அந்தப் பள்ளத்துக்குள் இறங்காது. ஆனால் வெறும் தாளில் அழுத்தினால் நரம்பு வெள்ளைக் கம்பி போல் துருத்தும். மெல்லிய றோஸ் நிறம் ஒன்றைப் பூசிவிட்டு அழுத்துங்கள். பளிச்சென்று மினுங்கும் இடங்களில் மட்டும் அந்த றோசும் வேண்டாம். அங்கே தாள்தான் வெளிச்சம்.

பலர் சிவப்பை முடித்துவிட்டு நிழலுக்கு வருகிறார்கள். அதற்குள் பென்சிலில் உள்ள மெழுகு நிறைந்து தாள் வேறு நிறத்தை ஏற்காது. நிழலை முதலில் போடுங்கள்: குழிக்குள்ளும், ஓர் இதழ் மற்றதன் மேல் ஏறும் இடத்திலும், மடிப்புகளிலும் கரும்பச்சை அல்லது ஊதா. கூரான முனை, மெல்லிய கை, கோடுகள் நரம்பு ஓடும் திசையில். அதற்கு மேல் வெளிச்சப் பக்கத்தில் செம்மஞ்சள், பிறகு மினுங்கும் இடங்களை விட்டு எங்கும் சிவப்பு. நாலைந்து மெல்லிய பூச்சுகள் வேண்டும். கறுப்பு சிவப்பைச் சாகடித்துவிடும்; குழியின் அடியில் கடைசியாக ஒரு பொட்டு போதும்.

நடுவில் நீண்டு நிற்கும் மகரந்தத் தண்டு இதழில் போடும் நிழலைக் கூர்ந்து பாருங்கள். தண்டின் அடியில் நிழலின் ஓரம் வெட்டின மாதிரி இருக்கும், நுனிப்பக்கம் போகப் போகக் கலங்கும். இதழ் வளையும் இடத்தில் நிழலும் வளையும். அதை நேர்கோடாகக் கீறினால் இதழ் மறுபடி தட்டையாகிவிடும். சுருண்ட ஓரத்திலும் இப்படித்தான்: கடும் இருட்டு விளிம்பிலேயே இல்லை, கொஞ்சம் உள்ளே. விளிம்பில் பக்கத்து இதழிலிருந்து தெறிக்கும் வெளிச்சத்துக்கு ஒரு நூல் அளவு இடம் விடுங்கள்.

மஞ்சள் அலரி இன்னும் வில்லங்கம். மஞ்சளால் நிழலே போட முடியாது. மிக மெல்லிதாக ஊதா, அதன்மேல் மண்ணிறமும் செம்மஞ்சளும், கடைசியில் மஞ்சள். ஊதாவைக் கடைசியில் போட்டால் சேறாகிவிடும். (அலரியின் பால் நஞ்சு, பூப் பிடுங்கினால் கையைக் கழுவுங்கள்.) நந்தியாவட்டைக்கு நீலச்சாம்பலும் இலைப்பக்கம் துளிப் பச்சையும் போதும், வெள்ளையைக் காட்டுவது பின்னால் வரும் கரும்பச்சைதான்.

வெள்ளைப் பென்சிலால் அழுத்தித் தேய்த்து மினுக்குவதை எல்லாம் முடிந்த பிறகு செய்யுங்கள், அதற்கு மேல் நிறம் பிடிக்காது. சாதாரண அழிறப்பர் சிவப்பை இழுத்து அப்பிவிடும். சுவரில் படம் ஒட்டுகிற புளூ டாக்கை உருட்டி ஒற்றி எடுத்தால் நிறம் பொட்டுப் பொட்டாகக் கழன்று வரும். கைக்குக் கீழே ஒரு தாள் வையுங்கள், வியர்வை பட்ட இடத்தில் பென்சில் ஏறாது. கடுமையாக அழுத்திய இருண்ட இடங்களில் சில நாளில் வெண்புகார் போல் படிந்தால் அது பூஞ்சணம் இல்லை, மேலே வந்த மெழுகு. மெத்தென்ற துணியால் மெல்ல ஒற்றினால் போய்விடும்.