24 மணி நேரச் சிறுநீரும் ஒரு தலைவலி மாத்திரையும்

மாங்காய் இறக்கும் நாட்களில்தான் எனக்கு அந்தத் தலைவலி அடிக்கடி வரத் தொடங்கியது. காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் தோப்பில் கூடைகளை எண்ணிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு படபடக்கும், சட்டை நனைய வியர்க்கும், முகம் வெளுத்துவிடும். அரை மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். வெயில்தான் காரணம் என்று இருந்துவிட்டேன். ஒருமுறை வலி இருக்கும்போதே கிருஷ்ணகிரியில் ரத்த அழுத்தம் பார்த்தபோது 210/120. சிறிது நேரம் கழித்துப் பார்த்தால் 140/90. அதன் பிறகே மருத்துவர், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியில் அரிதாக வரும் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டியைச் சந்தேகித்தார்.

ஸ்கேன் எடுக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுதியதோ 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை. இந்தக் கட்டி, ரத்த அழுத்தத்தை ஏற்றும் அட்ரீனலின், நார்அட்ரீனலின் என்ற ஹார்மோன்களை விட்டு விட்டுத்தான் ரத்தத்தில் கலக்கும் என்பதால், அடங்கியிருக்கும் நேரத்தில் எடுத்தால் அவை சரியான அளவில் இருப்பதாகவே தோன்றலாம். ஆனால் கட்டியின் செல்களுக்குள்ளேயே அவை மெட்டாநெஃப்ரினாகவும் நார்மெட்டாநெஃப்ரினாகவும் மாறுவது ஓயாமல் நடப்பதால், அப்படி மாறி வந்த பொருட்களை அளப்பதே நம்பகமானது என்று விளக்கினார்.

மாதிரி சேகரிக்கும் மையத்தில் அமிலம் ஊற்றிய ஒரு பெரிய கேனைக் கொடுத்தார்களே தவிர, எப்படிச் சேகரிப்பது என்று யாரும் சொல்லவில்லை. தோப்பில் இருந்தபோது இரண்டு முறை கேனை மறந்துவிட்டேன். முடிவில் நார்மெட்டாநெஃப்ரின் வரம்பைச் சற்றே தாண்டியிருந்தது. தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் சிறுநீரில் வெளியேறும் கழிவான கிரியாட்டினின் குறைவாக இருந்ததால் சேகரிப்பு முழுமையாக இல்லை என்பதும் தெரிந்துவிட்டது. "தலைவலிக்கு என்ன மாத்திரை போட்டீங்க?" என்று மருத்துவர் கேட்டார். பாராசிட்டமால் என்றேன். அந்த லேபில் பயன்படுத்திய மின்வேதி முறையில் பாராசிட்டமால் குறுக்கிட்டு நார்மெட்டாநெஃப்ரின் அளவைக் கூட்டிக் காட்டக்கூடும் என்றார். எந்தத் தலைவலிக்காகப் பரிசோதனையோ, அதே தலைவலிக்குப் போட்ட மாத்திரையே பரிசோதனையைக் கெடுத்திருக்கிறது! மூக்கடைப்பு மாத்திரைகள், மனச்சோர்வுக்கான சில மருந்துகள் ஆகியவையும் இப்படிக் குழப்பும் என்பதால், சாப்பிடும் எல்லா மருந்தையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது முறை ஐந்து நாட்களுக்கு முன்பே பாராசிட்டமாலை நிறுத்தினேன்; காப்பியும் வாழைப்பழமும் கிடையாது. காலை 6 மணிக்குப் போன முதல் சிறுநீரைக் கழித்துவிட்டு, மறுநாள் காலை 6 மணிச் சிறுநீர் வரை ஒரு துளி விடாமல் சேர்த்தேன். கேனை ஃபிரிட்ஜில் வைக்க என் மனைவி சம்மதிக்கவில்லை. மீன் வாங்க வைத்திருந்த தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டு வைத்தோம்.

அதோடு வேலூரில் ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். முதலில் கையில் ஊசிக் குழாயைப் பொருத்திவிட்டு, 30 நிமிடம் அசையாமல் படுக்க வைத்த பிறகே அதன் வழியாக ரத்தம் எடுத்தார்கள். எழுந்து உட்கார்ந்தாலும், ஊசி குத்தும் வலியாலும்கூட அளவு ஏறும் என்பதே காரணம். எடுத்த குழாயை உடனே ஐஸில் வைத்தார்கள். இரண்டு பரிசோதனையிலும் நார்மெட்டாநெஃப்ரின் உச்ச வரம்பைப் போல் ஏறக்குறைய 5 மடங்கு இருந்தது. பிறகுதான் சி.டி. ஸ்கேன், வலது பக்கத்தில் 4 செ.மீ. கட்டி. ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்ப்பார்களா என்று கேட்டதற்கு, அப்படிக் குத்தினால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு எகிறும் என்று மறுத்துவிட்டார்கள்.

அறுவைக்கு முன் இரண்டு வாரம், ரத்தக் குழாய்களைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைக்கும் பிரசோசின் மாத்திரை கொடுத்தார்கள். படபடப்புக்கான பீட்டா தடுப்பு மாத்திரையை அதற்குப் பின்னரே தொடங்கினார்கள். அறுவை முடிந்து ஆறு வாரத்தில் மறுபடியும் கேன். இந்த முறை தெர்மோகோல் பெட்டியில் மனைவியே ஐஸ் நிரப்பிக் கொடுத்தாள். அளவு வரம்புக்குள் வந்திருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லியிருப்பதால், அந்தப் பெட்டியில் இப்போது நாங்கள் மீன் வாங்குவதில்லை.