ஒரு சுருதிப்பெட்டியும் ஒரு வகுப்புக் குரல்களும்

பழைய மாணவர் சங்க மலர் என்றால் எல்லோரும் விடுதிச் சோற்றையும் மட்டக்களப்பு வாவிக் காற்றையும் எழுதிவிடுகிறார்கள். அவற்றை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். வெறும் பாட்டுக்காரியாக வந்த என்னை நம் ஆசிரியர் கலாசாலை வகுப்பறைக்கு உரியவளாக்கிய கதை இது.

வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகளில் ஆசிரியர் தரம் வரை தேறி, அந்த மிதப்போடுதான் எங்களில் பலர் வந்து சேர்ந்தோம். எங்கள் சங்கீத விரிவுரையாளர் அதற்கெல்லாம் மசியவில்லை. "நீங்கள் ஆசைப்பட்டுப் பாட வந்தவர்கள். தரம் 8 பிள்ளைகள் நேரசூசியில் பாடம் விழுந்ததால் வந்தவர்கள். அவர்களிடம் உங்கள் கமகத்தைக் காட்டி என்ன பயன்?" என்பார்.

அவர் முதலில் எடுத்தது ராக லட்சணத்தை அல்ல, மகரக்கட்டு என்கிற குரல் உடையும் பருவத்தை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதளவில் பையன்களின் குரல்வளை வளர்ந்து, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. சுருதியின் உயரத்தைக் கட்டையால் சொல்வோம், எண் கூடினால் சுருதி ஏறும். பெண்பிள்ளைகள் 5 கட்டையில் சுகமாகப் பாடுவார்கள். பையன்களில் சிலர் 1 கட்டையில் உறுமுவார்கள். சிலருக்கு எந்தக் கட்டையும் நிலைக்காது. சுருதிப்பெட்டியோ ஒன்றுதான். "நீ வாயை மூடிக்கொண்டு தாளம் போடு" என்று ஆசிரியர் ஒருமுறை சொன்னால் போதும், அவன் கோயிலில் தேவாரம் பாடவும் வாய் திறக்க மாட்டான் என்பது அவர் கட்சி. அன்று மிகையாகப் பட்டது. இன்று அப்படிப் படவில்லை.

மருந்தும் அவரே சொன்னார். சுருதியை 3 கட்டைக்கு இறக்கு. தொடக்கப் பயிற்சியான சரளி வரிசையை மேல் ஸட்ஜம் வரை இழுக்காமல், சில வாரங்களுக்கு ஸ முதல் ப வரை ஐந்து சுரங்களுக்குள் நில். குரல் பிசிறினால் சிரிக்கிறவர்களை அடக்கு, பாடுகிறவனை நிறுத்தாதே.

கற்பித்தற் பயிற்சிக்கு எனக்குக் கிடைத்தது வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பாடசாலை ஒன்று. மண்முனையில் பாலம் 2014இல்தான் வந்தது. நாங்கள் 'பாதை' என்கிற மிதவைப் படகில் வாவியைக் கடந்தவர்கள். பொலித்தீன் பையில் சுற்றிய சுருதிப்பெட்டி என் மடியில், பக்கத்தில் மோட்டார் சைக்கிள்கள், யாரோ ஒருவரின் ஆட்டுக்குட்டி. பாடசாலையில் சங்கீதத்துக்கென்று அறை இல்லை. அடுத்த வகுப்புக் கணித ஆசிரியர் முகம் சுளித்ததால் வேப்பமரத்தடிக்குப் போனோம்.

சரளி வரிசையில் நெளிந்துகொண்டிருந்த ஒரு பையன் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவரின் பேரன் என்று தெரியவந்தது. வடமோடிக் கூத்தின் தாளக்கட்டைச் சொல்லச் சொன்னேன். கையைத் தொடையில் தட்டி அவன் தொடங்கியதும் கூனிக்கொண்டிருந்த வகுப்பு நிமிர்ந்தது. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை அதன் பிறகுதான் எடுத்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த விரிவுரையாளர் என் பாடக்குறிப்புப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனது இவ்வளவுதான்: "இன்று நீர் குறைவாகப் பாடினீர். பிள்ளைகள் கூடுதலாகப் பாடினார்கள். நல்லது."

பாடவே மறுக்கிறவர்களுக்கு அவர் வைத்திருந்தது கம்பிப் பலகை. பலகையின் இரு முனையிலும் தந்தியைத் தாங்கும் குதிரை வைத்து, இடையே 60 சென்ரிமீற்றர் நீளத்துக்கு ஒரு வீணைத் தந்தியை இழுத்துக் கட்டுவார். முழுத் தந்தியையும் மீட்டினால் ஸ. 45இல் அழுத்தி அந்த நீளத்தை மீட்டினால் ம, 40இல் ப, சரிபாதி 30இல் மேல் ஸ. பிள்ளைகள் அடிமட்டத்தோடு முண்டியடிப்பார்கள். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் விஞ்ஞானப் பட்டதாரி. 1947இல் வெளிவந்த யாழ் நூலில் கணக்குப் போட்டே பழைய சுரங்களைத் தேடியவர். அந்த நூலைப் பரீட்சைக்காக மனனம் செய்த எங்களுக்கு, அது கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய விடயம் என்று தெரிந்தது அந்தப் பலகையால்தான்.

இலண்டனில் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைக்கு இப்போதும் அப்படி ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு போகிறேன். பதின்மூன்று வயதானதும் "இவனுக்குக் குரல் இல்லை டீச்சர், மிருதங்கத்துக்கு மாற்றிவிடுகிறோம்" என்று பெற்றோர் வருவார்கள். மிருதங்கமும் படிக்கட்டும், பாட்டை விட வேண்டாம், ஒரு வருடம் பொறுங்கள் என்பேன். சிலர் பொறுக்கிறார்கள். மற்றவர்கள் அடுத்த கிழமையே மிருதங்க வகுப்புக்குக் காசு கட்டிவிடுகிறார்கள்.