ஓதம் அடித்த சுவருக்கு உடனே பெயிண்ட் வாங்காதீர்கள்

மாசி, பங்குனியில் வீடு பார்த்து சித்திரையில் பால் காய்ச்சியவர்களுக்கு, இடவப்பாதி மழைதான் வீட்டை உள்ளபடி காட்டும். குமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கம் ஜூனில் தொடங்கும் இந்த மழை ஓய்ந்ததும் ஐப்பசி மழை வந்துவிடும். சுவர் காய அவகாசமே இல்லை. பட்டி வைத்து மறைத்த விரிசலெல்லாம் ஆனிக்குள் ஊறி வெளியே தெரியும். அப்போது பெயிண்டரைக் கூப்பிடுவது வீண் செலவு. தண்ணீர் வரும் வழியைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒன்று. ஈரச் சுவரில் சுவிட்ச் போர்டு இருந்தால் அந்த லைனை அன்றைக்கே நிறுத்துங்கள். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுக்கே விழுகிற பிரேக்கர் (RCCB) இல்லாத வீடென்றால், முதல் பணம் அதற்குத்தான் போக வேண்டும்.

மழை இல்லாத நாளிலும் ஈரம் இருந்தால் குழாயைச் சந்தேகப்படுங்கள். இரவில் எல்லாக் குழாயையும் அடைத்து, மேல்தொட்டிக்குள் குச்சி விட்டு நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. மறுநாள் இரவு தொட்டியின் வெளிவால்வையும் மூடிப் பாருங்கள். அப்போதும் குறைந்தால் தொட்டியே ஒழுகுகிறது. குறையாவிட்டால் குழாயிலோ ஃபிளஷ் டேங்கிலோதான் கோளாறு. ஃபிளஷ் டேங்கில் சொட்டு நீலம் கொஞ்சம் விட்டு அரை மணி நேரம் தொடாமல் இருங்கள். கோப்பையில் நீலம் இறங்கினால் உள்ளே இருக்கும் வாஷர் போய்விட்டது. சின்னச் செலவு.

மழையில் மட்டும் சீலிங் ஊறினால் மொட்டை மாடியைப் பார்க்க வேண்டும். மழை விட்ட நாளில் வடிகுழாய் வாயை அடைத்து, 2 அங்குலம் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடுங்கள். கம்பி தெரியும் தளத்தில் இதைச் செய்யவே கூடாது. பெரும்பாலும் ஒழுகுவது நடுத்தளம் அல்ல, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையும் குழாய் இறங்கும் இடமும்தான். மூலையைக் கொத்திச் சுத்தம் செய்து, 1:3 சிமெண்ட், மணல் கலவையில் லேட்டக்ஸ் (சிமெண்டில் கலக்க விற்கும் SBR திரவம்) சேர்த்து, மூலை வளைவாக வரும்படி உருட்டிப் பூச வேண்டும். சிமெண்ட் மூட்டைக்கு 5 முதல் 10 லிட்டர் லேட்டக்ஸ் பிடிக்கும். அது இறுகியபின் ஃபைபர் வலை வைத்து, ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு கோட்டு வாட்டர்புரூஃப் பூச்சு. 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது வாட்டம் இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கி, இந்தப் பூச்சும் நிற்காது. முடிந்ததும் மறுபடி தண்ணீர் கட்டிப் பார்க்காமல் கொத்தனாருக்குக் கணக்கு முடிக்காதீர்கள்.

சீலிங்கில் காரை உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறதா? துரு ஏறினால் கம்பி பருத்து காங்கிரீட்டைத் தள்ளிவிடும். மேலே பூசி மூடினால் அடுத்த மழையில் அந்தப் பூச்சும் விழும். கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவு கொத்தி, வயர் பிரஷால் தேய்த்து, துரு தடுக்கும் பிரைமர் அடித்தபிறகே லேட்டக்ஸ் கலவை வைக்க வேண்டும். கம்பி இளைத்திருந்தால் கொத்தனாரிடம் விடாமல் பொறியாளரைக் கூட்டி வந்து காட்டுங்கள்.

கடைசியில்தான் பெயிண்ட். ஓரடிச் சதுரப் பாலித்தீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். மறுநாள் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒட்டிப் பாருங்கள்.