38 வயதில் தெரிந்த ஆட்டிசம்

பாளையங்கோட்டையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். கல்யாணமாகி ஒரு மகள் இருக்கிறாள். விசேஷ வீடுகளுக்குப் போனால் “எப்பம் வந்தீய? பிள்ளேள்லாம் சொகமா இருக்கா?” என்று எல்லாரையும் விசாரிப்பேன். இந்த விசாரிப்பைச் சித்தி மகளிடம் பார்த்துப் படித்தேன், அவள் தலையைச் சாய்க்கிற விதம் உட்பட. அவர்கள் பதில் சொன்ன பிறகு அடுத்து என்ன கேட்பது என்பதையும் வீட்டிலேயே யோசித்து வைத்துக்கொண்டுதான் கிளம்புவேன். மண்டபத்திலிருந்து திரும்பினால் மறுநாள் விளக்குகூடப் போடாமல் படுத்துக் கிடப்பேன். மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டுக்கு நான் வராததை அத்தைமார் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

அக்கா மகனுக்கு ஆட்டிசம் இருக்குமோ என்று பரிசோதனைக்குப் போனபோது, படிவம் நிரப்ப நான்தான் கூட உட்கார்ந்தேன். சத்தம் கேட்டால் காதைப் பொத்துகிறானா, வழக்கம் மாறினால் கலங்கிப்போகிறானா, ஒரே சாப்பாட்டையே கேட்கிறானா என்று கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் அவனுக்கான பதிலை எழுதும்போதே எனக்கான பதிலும் மனதில் வந்துகொண்டிருந்தது. ஆட்டிசத்தில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு என்று அந்த மருத்துவர் பேச்சுவாக்கில் சொன்னார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம் படிக்க ஆரம்பித்தேன். மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்க வழிகாட்டி நூலான டிஎஸ்எம் 2013-இல் புதுப்பிக்கப்பட்டது. பேச்சிலும் அறிவு வளர்ச்சியிலும் பின்தங்காதவர்களுக்கு அதுவரை தனியாகச் சொல்லப்பட்ட ஆஸ்பெர்கர் என்ற வகை அதில் ஆட்டிசத்தோடு சேர்ந்தது. ஒளி, ஒலி, தொடுதல் ஆகியவை அளவுக்கு மீறி உறுத்துவதும் அறிகுறிகளில் இடம்பெற்றது. எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று: அறிகுறிகள் சிறுவயதிலேயே இருந்திருக்க வேண்டும், ஆனால் பிற்காலத்தில் கற்றுக்கொண்ட உத்திகளால் அவை மறைந்திருக்கலாம் என்று அதிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. சித்தி மகளிடம் படித்த விசாரிப்பு அப்படி ஓர் உத்திதானே?

ஆட்டிசத் தன்மைகள் எவ்வளவு இருக்கின்றன என்று பார்க்க கேம்பிரிட்ஜில் 2001-இல் உருவான ஏக்யூ என்ற 50 கேள்விப் பட்டியலையும் போட்டுப் பார்த்தேன். 32-உம் அதற்கு மேலும் வந்தால் மேற்கொண்டு பார்க்கச் சொல்வார்கள். எனக்கு அதைத் தாண்டி வந்தது. நாடகத்துக்குப் போகப் பிடிக்குமா, அருங்காட்சியகத்துக்கா என்பது மாதிரிக் கேள்விகள் நம் ஊர் வாழ்க்கைக்கு ஒட்டாது. வண்டி நம்பர்களைக் கவனிப்பீர்களா என்ற கேள்விக்கு மட்டும் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஆனால் இது சல்லடைதான். மதிப்பெண்ணை வைத்து ஆட்டிசம் என்று யாரும் முடிவு கட்டக்கூடாது.

முதலில் பார்த்த மருத்துவர், “கல்யாணம் ஆயிருக்கு, வேலைக்குப் போறீங்க, என் முகத்தைப் பார்த்துப் பேசுறீங்க. உங்களுக்கு எங்க ஆட்டிசம்?” என்று அனுப்பிவிட்டார். அவருடைய இரண்டு புருவங்களுக்கு நடுவே பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தேன். வெளியே வந்து வெகுநேரம் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். பெண்களுக்கு ஆட்டிசம் இருப்பது இப்படித்தான் கண்ணில் படாமலே போகிறது. இதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

அடுத்த மருத்துவரிடம் போவதற்கு முன் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். என்னால் முடியாததை எழுதினால் அரைப் பக்கம்கூட வராது. அதனால், செய்கிற வேலைகளுக்கு என்ன பாடுபடுகிறேன் என்று எழுதினேன். வாடிக்கையாளருக்குப் போன் போடும் முன் நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் “வணக்கம் சார், ஜிஎஸ்டி ரிட்டர்ன் விஷயமா கூப்பிட்டேன்” என்பதுவரை எழுதி வைத்துக்கொள்கிறேன். என் மேஜைக்குப் பக்கத்தில் இருக்கும் யூபிஎஸ்ஸின் இரைச்சல் மற்றவர்கள் காதில் விழுவதே இல்லை. எனக்கு மத்தியானத்துக்குள் தலை வலிக்கிறது. இரண்டாவது மருத்துவர் அந்த நோட்டை முழுசாகப் படித்துவிட்டு ஒரு மருத்துவ உளவியலாளரிடம் அனுப்பினார். “அம்மா இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள்” என்று அங்கே சொன்னார்கள்.

அம்மா கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறாள். ஆட்டிசம் என்றதும் பதறிவிடுவாளோ என்று பயந்தேன். அவள் வெற்றிலையை மடித்துக்கொண்டே, “ஏட்டி, கோயில் கொடைக்குக் கொட்டுச் சத்தம் கேட்டா மச்சுல ஏறி நெல்லு மூட்டைக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிடுவியே, ஞாபகம் இருக்கா? சாமி பயம்னு ஆச்சி திருநீறு பூசுவா” என்றாள். உளவியலாளர் முன்னால் இன்னும் நிறையச் சொன்னாள். செங்கோட்டை ரயில் போகிற ஸ்டேஷன்களை நான் வரிசை தப்பாமல் சொல்வேனாம். வேறு யாராவது வீரவநல்லூருக்கு முன்னால் கல்லிடைக்குறிச்சியைச் சொல்லிவிட்டால் அழுகை நிற்காதாம். திருச்செந்தூரில் வாங்கித் தந்த சொப்புச் சாமான்களை வைத்து ஒருநாளும் சோறு பொங்கி விளையாடவில்லையாம். திண்ணையில் பெரிசு சிறிசாக அடுக்கி, கலைந்தால் மறுபடி அடுக்கிக்கொண்டே இருப்பேனாம். உளவியலாளர் எழுதிக்கொண்டே இருந்தார். எனக்கே தெரியாத என் மூன்று வயது அம்மாவிடம் பத்திரமாக இருந்திருக்கிறது.

இதற்கு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பேச்சு, கவனிப்பு, சிறுவயது வரலாறு, இவ்வளவுதான். சமூகப் பதற்றம், ஓசிடி (வேண்டாத எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வருவது), ஏடிஎச்டி (கவனக்குறைவும் துறுதுறுப்பும்), மனச்சோர்வு ஆகியவற்றையும் தனித்தனியாக விசாரித்தார்கள். வெறும் பதற்றம் என்றால், யாரும் இல்லாத வீட்டில் மிக்ஸி சத்தமும் சட்டை லேபிளும் ஏன் இப்படி வதைக்க வேண்டும் என்று உளவியலாளர் கேட்டபோது எனக்கும் விஷயம் விளங்கியது. கடைசியில் ஆட்டிசம் என்றே அறிக்கை வந்தது. ஆட்டிசத்தைப் போக்க மருந்து கிடையாது; கூடவே இருந்த தூக்கமின்மைக்கு மட்டும் தனியாக வைத்தியம் பார்த்தார்கள்.

அறிக்கை வேறு, அரசுச் சான்றிதழ் வேறு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. சான்றிதழுக்கு ஐசா என்ற இந்திய அளவுகோலில் மதிப்பிடுவார்கள். அதில் 40 கேள்விகள்; மொத்த மதிப்பெண் 70-க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. சமாளிக்கப் பழகிவிட்ட பெரியவர்களுக்கு அந்த எண்ணிக்கை வராமல் போகலாம். அக்கா மகனுக்கு அட்டை வாங்கியாயிற்று. நான் விண்ணப்பிக்கவில்லை, வேண்டும் என்றும் இப்போது தோன்றவில்லை.

அலுவலகத்தில் மேனேஜரிடம் மட்டும் சொன்னேன். மேஜையை யூபிஎஸ்ஸிலிருந்து தள்ளி ஜன்னலோரம் போட்டுத் தந்தார். வாடிக்கையாளர்களுக்கு முதலில் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிவிட்டு, தேவைப்பட்டால் மட்டும் போன் பேசுகிறேன். கல்யாணங்களுக்குத் தாலி கட்டும் நேரத்துக்குப் போய், மொய் எழுதிவிட்டுக் கிளம்பிவிடுகிறேன். அத்தைமார் கேட்டால் அம்மாவே பதில் சொல்லிக்கொள்கிறாள்.